பின்னக் கணக்கில் விடை தப்புகிறதா? தவறான விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

பின்னக் கணக்கு தப்பானால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி போடுவார்கள். அதே கை, அதே பழக்கம், அதே இடத்தில் அதே தப்பு. இதற்குப் பதிலாகத் தவறான விடையை அழிக்காமல் வைத்துக்கொண்டு அதையே விசாரிக்கலாம். பின்னப் பெருக்கலில் வரும் தவறுகள் கண்டபடி வருவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒரு தடத்தை விட்டுச் செல்லும்.

அந்தத் தடத்தைப் பார்க்க ஒரு சின்ன வேலை போதும். உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணைக் கீழே "விகிதம்" என்றே சொல்கிறேன். விகிதம் 5 வந்தால் ஒரு காரணம், 1/9 வந்தால் வேறு காரணம். சரியான விடை கையில் இல்லையென்றால் பின்னங்களைத் தசமமாக மாற்றிக் கால்குலேட்டரில் பெருக்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழத் தெரிந்தாலே பல நேரம் போதும்.

இரண்டு குறிப்புகள். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. 2 1/2 என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் அது இரண்டரை, கலப்பு பின்னம்.

அறிகுறி: விகிதம் 1, ஆனாலும் விடை ஏற்கப்படவில்லை

கணக்கு சரி, சுருக்குவதை நடுவழியில் நிறுத்திவிட்டீர்கள். 36/84-ஐ 2-ஆல் வகுத்து 18/42, மறுபடி வகுத்து 9/21 என்று வந்ததும், மேலே ஒற்றைப்படை எண்ணைப் பார்த்து நின்றிருப்பீர்கள். 9-உம் 21-உம் 3-ஆல் வகுபடும். எளிய வடிவம் 3/7.

2, 3, 5 ஆகியவற்றுக்கான சோதனை எல்லோருக்கும் தெரியும்: கடைசி இலக்கம் இரட்டைப்படையா, இலக்கங்களின் கூடுதல் 3-ஆல் வகுபடுமா, கடைசியில் 0 அல்லது 5 இருக்கிறதா. இவை மூன்றும் கைவிடும் இடம்தான் சிக்கல். 91/143-ஐப் பாருங்கள். பார்த்தால் சுருங்காத பின்னம் போலத்தான் இருக்கும். இப்படிப்பட்ட எண்களுக்கு யூக்ளிட் முறைதான் சரி. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போக வேண்டும்:

143 − 91 = 52
91 − 52 = 39
52 − 39 = 13

39 என்பது 13-இன் மூன்று மடங்கு. எனவே மீப்பெரு பொதுக் காரணி 13. மேலும் கீழும் 13-ஆல் வகுத்தால் 7/11. இரண்டு எண்களையும் ஓர் எண் மீதியில்லாமல் வகுத்தால் அவற்றின் வித்தியாசத்தையும் அது வகுத்தே தீரும் என்பதால்தான் இந்த முறை வேலை செய்கிறது. கழித்துக்கொண்டே போய் 1 வந்துவிட்டால் அந்தப் பின்னம் ஏற்கெனவே எளிய வடிவில் இருக்கிறது என்று அர்த்தம். 51/85, 57/95 இரண்டையும் இப்படிச் செய்து பாருங்கள். இரண்டும் 3/5 என்று வரும்.

சிலநேரம் சுருக்கியதெல்லாம் சரியாக இருக்கும், வடிவம்தான் பிரச்சினை. கலப்பு பின்னமாகக் கேட்டிருக்க 25/3 என்று விட்டிருப்பீர்கள். அல்லது கழித்தல் குறியைப் பகுதியில் விட்டு 3/−5 என்று எழுதியிருப்பீர்கள். முன்னதை 8 1/3 என்றும் பின்னதை −3/5 என்றும் எழுதிவிட்டால் முடிந்தது.

அறிகுறி: சுருக்கும்போதே மதிப்பு மாறிவிடுகிறது

பெருக்கவே இல்லை, சுருக்கினீர்கள், அவ்வளவுதான். ஆனால் முன்பு 0.5 இருந்தது இப்போது 0.25 ஆகிவிட்டது. சுருக்குவதற்கு அனுமதிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: மேலும் கீழும் ஒரே எண்ணால் (0 அல்லாத எண்ணால்) வகுப்பது. வேறு என்ன செய்தாலும் மதிப்பு நகரும். நகர்த்தும் கைகள் மூன்று.

முதலாவது, எண்ணை விட்டுவிட்டு இலக்கத்தை அடிப்பது. 12/24-இல் மேலே ஒரு 2, கீழே ஒரு 2 இருக்கிறதே என்று அடித்தால் 1/4 மிஞ்சும். சரியான விடை 1/2. 13/39-இல் 3-ஐ அடித்தால் 1/9. சரியான விடை 1/3. இந்தப் பழக்கம் சுலபத்தில் போகாது, காரணம் சில பின்னங்கள் இதற்குத் துணை போகின்றன. 16/64-இல் 6-ஐ அடித்தால் 1/4, அது சரியான விடை! 19/95, 26/65, 49/98 ஆகியவையும் இப்படியே. ஈரிலக்க எண்களில், 1-க்குக் குறைவான பின்னங்களை எடுத்து, 0-வை அடிப்பதை விட்டுவிட்டால், இப்படித் தற்செயலாகப் பொருந்துவது இந்த நான்கு மட்டுமே. மற்ற எல்லா இடத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது, ஒரே எண்ணைக் கழிப்பது. 5/9-இல் மேலும் கீழும் 2-ஐக் கழித்தால் 3/7. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே செய்தேன் என்று தோன்றும். 5/9 என்பது சுமார் 0.56, 3/7 என்பது சுமார் 0.43. கூட்டுவதும் கழிப்பதும் சமன்பாட்டில் இரண்டு பக்கமும் செய்கிற வேலை. ஒரு பின்னத்தின் மேலும் கீழும் செய்கிற வேலை இல்லை.

மூன்றாவதுதான் பெரிய வகுப்புகள் வரை கூடவே வருவது: கூட்டல் குறி இருக்கும்போதே அடிப்பது. (6 + 5)/6 என்பதில் மேலே 6, கீழே 6, இரண்டையும் அடித்து 5 என்று எழுதுவது. உண்மையில் அது 11/6. அடிக்க வேண்டுமானால் அந்த 6 தொகுதி முழுவதற்கும் காரணியாக இருக்க வேண்டும். இங்கே அது கூட்டலில் ஓர் உறுப்பு மட்டும். இயற்கணிதத்தில் இதே தப்பு (அ + 6)/6 = அ என்றோ, அ + 1 என்றோ வரும். சந்தேகமாக இருந்தால் ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஆனால் 0 வேண்டாம். அ = 0 என்று போட்டால் (0 + 6)/6 = 1, அப்புறம் 0 + 1-உம் 1; தப்பு தப்பித்துவிடும். அ = 6 என்று போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 7. உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: விடை 0 ஆகிவிட்டது, அல்லது மேலே எழுத எதுவுமே இல்லை

5/15-இல் 5-ஐ அடித்தாயிற்று, மேலே ஒன்றுமில்லை. அதனால் 0/3 என்றோ, வெறும் 3 என்றோ எழுதிவிடுகிறார்கள். அடிப்பது என்றால் வகுப்பது. 5 ÷ 5 = 1, எனவே 1/3. அடித்த ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மிஞ்சியதைச் சின்னதாக எழுதிவைக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தப்பு வராது. கோட்டை மட்டும் போட்டுவிட்டு நகர்வதால்தான் வருகிறது.

அறிகுறி: பெருக்கிய பிறகும் பின்னம் மாறவே இல்லை

3 × 2/7 = 6/21, சுருக்கினால் 2/7. மூன்று மடங்கு ஆக வேண்டியது ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது. விகிதம் 1/3, அதாவது நீங்கள் பெருக்கிய அதே முழு எண் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. 3-ஐ மேலும் கீழும் பெருக்குவது சமான பின்னம் எழுதும் வேலை. முழு எண்ணை 3/1 என்று எழுதிக்கொண்டு பெருக்கினால் 6/7 தானாக வரும். விகிதம் 1/9 வந்தால் 3-ஐக் கீழே மட்டும் போட்டு 2/21 ஆக்கியிருப்பீர்கள். அது 3-ஆல் வகுத்ததற்குச் சமம்.

அறிகுறி: விடை எதிர்பார்த்ததைவிட மிகப் பெரியது

இங்கே தசமம்கூட வேண்டாம். 1-க்குக் குறைவான இரண்டு நேர்மப் பின்னங்களைப் பெருக்கினால் விடை இரண்டையும்விடச் சிறியதாகத்தான் இருக்கும். அப்படி இல்லையென்றால் மேலே படிக்கவே தேவையில்லை, விடை தப்பு. எந்த வகைத் தப்பு என்பதை விகிதம் சொல்லும்.

விகிதம் பகுதிக்கே சமமாக வந்தால் கூட்டல் விதியைப் பெருக்கலுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். 2/5 × 1/5-ஐ 2/5 என்று எழுதியவருக்கு விகிதம் 5. பகுதி ஒன்றாக இருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டார். சரியான விடை 2/25. இதன் அண்ணன் ஒன்று உண்டு: 2/3 × 1/4-க்கு மெனக்கெட்டுப் பொதுப் பகுதி கண்டுபிடித்து, 8/12 × 3/12 = 24/12 = 2 என்று எழுதுவது. சரியான விடை 1/6. விகிதம் 12, பொதுப் பகுதியேதான். பெருக்கலுக்குப் பொதுப் பகுதி வேண்டவே வேண்டாம். கண்டுபிடித்தாலும் தப்பில்லை, கீழே 12 × 12 = 144 என்று பெருக்கினால் 24/144 = 1/6 சரியாகவே வரும். வீண் வேலை, அவ்வளவுதான்.

விகிதம் இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கி வர்க்கப்படுத்தியதாக வந்தால் குறுக்காகப் பெருக்கியிருக்கிறீர்கள். 2/3 × 4/5-க்கு 2 × 5 மேலே, 3 × 4 கீழே போட்டால் 10/12 = 5/6. சரியான விடை 8/15. விகிதம் 25/16, அதாவது 5/4-இன் வர்க்கம். ஏன் வர்க்கம்? 4/5-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 4/5-ஆல் வகுத்திருக்கிறீர்கள். 5/4 ஒருமுறை வந்ததோடு, வர வேண்டிய 4/5 வராமலும் போயிற்று. குறுக்குப் பெருக்கல் இரண்டு பின்னங்களை ஒப்பிடவும், இரண்டு பின்னங்கள் சமம் என்ற சமன்பாட்டைத் தீர்க்கவும் உரியது. நடுவில் சமக்குறியோ ஒப்பீட்டுக் குறியோ இல்லாமல் பெருக்கல் குறி இருந்தால் மேலோடு மேல், கீழோடு கீழ்.

அறிகுறி: குறுக்காக அடித்துச் சுருக்கியபோது விடை போயிற்று

பெருக்குவதற்கு முன்பே அடித்துச் சுருக்குவது நல்ல பழக்கம். எண்கள் சின்னதாகவே இருக்கும். ஆனால் பெருக்கலில் வரும் தப்புகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "குறுக்கே அடிக்கலாம்" என்று மட்டும் நினைவில் நிற்கிறது, ஏன் அடிக்கலாம் என்பது நிற்பதில்லை. ஏன் என்றால், பெருக்கிய பிறகு அது ஒரே பின்னம்: மேலே எல்லாத் தொகுதிகளும், கீழே எல்லாப் பகுதிகளும். மேலே உள்ள ஓர் எண்ணையும் கீழே உள்ள ஓர் எண்ணையும் ஒரே எண்ணால் வகுக்கலாம். நேருக்கு நேராக இருந்தாலும் சரி, குறுக்காக இருந்தாலும் சரி.

இதில் மூன்று வகையான சறுக்கல்கள் உண்டு, மூன்றுக்கும் வெவ்வேறு தடம்.

ஒரே வரிசையில் அடிப்பது. 3/8 × 9/5-இல் 3-உம் 9-உம் கண்ணில் பட்டதும் 1, 3 என்று சுருக்கி 1/8 × 3/5 = 3/40 என்று எழுதுவது. இரண்டும் மேலே இருக்கின்றன. இரண்டையும் 3-ஆல் வகுத்ததால் விடை 9 மடங்கு சிறுத்துவிட்டது. சரியான விடை 27/40, விகிதம் 1/9. கீழ் வரிசையில் இதே தப்பைச் செய்தால் விடை பெருக்கும். 1/6 × 5/9-இல் 6, 9 இரண்டையும் 3-ஆல் வகுத்தால் 5/6 வரும். சரியானது 5/54, விகிதம் 9. விகிதம் ஒரு முழு எண்ணின் வர்க்கமாக இருந்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது. 4/9 × 3/10-இல் 4-ஐயும் 10-ஐயும் 2-ஆல் வகுக்க முடிவு செய்து, 4-ஐ 2 ஆக்கிவிட்டு, 10-ஐ 5 ஆக்க மறந்துவிடுவது. அப்போது 6/90 = 1/15 வரும்; சரியானது 2/15. விகிதம் 1/2. 10-ஐ மட்டும் மாற்றிவிட்டு 4-ஐ விட்டிருந்தால் விகிதம் 2. மேலே 4-ஆல், கீழே 2-ஆல் வகுத்து 4-ஐ 1 ஆகவும் 10-ஐ 5 ஆகவும் மாற்றினாலும் விகிதம் 1/2 தான். விகிதம் 4 என்று வந்தால் கொஞ்சம் குழப்பம்: ஒரு பக்கம் மட்டும் 4-ஆல் வகுத்திருக்கலாம், அல்லது கீழ் வரிசையில் இரண்டு எண்களை 2-ஆல் வகுத்திருக்கலாம். இரண்டு இடத்தையும் பார்த்துவிட வேண்டியதுதான்.

ஒரே எண்ணை இருமுறை செலவழிப்பது. மூன்று பின்னங்கள் வரிசையாக இருக்கும்போது இது வரும். 5/6 × 7/10 × 3/5 என்று இருக்கிறது. முதல் 5-ஐக் கொண்டு கீழே உள்ள 10-ஐ 2 ஆக்கியாயிற்று. அப்புறம் அதே 5-ஐக் கொண்டு கடைசியில் உள்ள 5-ஐயும் 1 ஆக்கினால் 1/6 × 7/2 × 3/1 = 21/12 = 7/4. 1-க்குக் குறைவான மூன்று பின்னங்களைப் பெருக்கி 1.75 வர வழியே இல்லை. சரியான விடை 7/20. விகிதம் 5, அதாவது இருமுறை செலவான அதே எண். அடித்ததற்குப் பக்கத்தில் மிஞ்சியதை எழுதச் சொன்னேனே, அது இங்கேயும் உதவும். முதல் முறை அடித்ததும் அந்த 5 இப்போது 1. 1-ஐ வைத்து யாரையும் அடிக்க முடியாது.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும்: நடுவில் இருப்பது கூட்டல் குறியென்றால் குறுக்கே அடிக்கவே கூடாது. 2/3 + 3/4-இல் இரண்டு 3-களையும் அடித்தால் 2 + 1/4 என்றாகிவிடும். உண்மையான கூடுதல் 17/12, ஒன்றரைக்கும் கொஞ்சம் குறைவு.

அறிகுறி: கலப்பு பின்னம், விகிதத்திலிருந்து எதுவுமே புரியவில்லை

2 1/2 × 3 1/3 = 6 1/6 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டரையை மூன்றுக்கு மேல் ஒரு எண்ணால் பெருக்கினால் 7.5-க்கு மேல் வர வேண்டும். 6 சொச்சம் போதாது. சரியான விடை 5/2 × 10/3 = 50/6 = 25/3 = 8 1/3. விகிதம் போட்டால் 37/50 வருகிறது. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த வகைத் தப்புக்கு வகுக்காமல் கழித்துப் பார்க்க வேண்டும்: 8 1/3 − 6 1/6 = 2 1/6.

இந்த 2 1/6 எங்கிருந்து வந்தது? 2 1/2 என்பது 2 + 1/2. 3 1/3 என்பது 3 + 1/3. பெருக்கினால் நான்கு துண்டுகள் வரும்: 2 × 3 = 6, 2 × 1/3 = 2/3, 1/2 × 3 = 3/2, 1/2 × 1/3 = 1/6. நீங்கள் முதலாவதையும் கடைசியையும் மட்டும் எடுத்தீர்கள். விட்டுப்போன 2/3 + 3/2 = 13/6 = 2 1/6. கணக்கு சரியாக ஒட்டுகிறது. நான்கு துண்டுகளாகப் போட்டாலும் விடை வரும், ஆனால் தகா பின்னமாக மாற்றிப் பெருக்குவதுதான் சுருக்கம்.

முழு எண்ணோடு பெருக்கும்போது வித்தியாசம் வேறு மாதிரி இருக்கும். 4 × 2 3/8 = 8 3/8 என்று எழுதினால் பின்னத் துண்டை 4-ஆல் பெருக்க மறந்திருக்கிறீர்கள். சரியானது 8 12/8, அதாவது 9 1/2. வித்தியாசம் 9/8, சரியாக 3/8-இன் மூன்று மடங்கு.

கலப்பு பின்னமாக இருக்கும்போதே அடிப்பதும் உண்டு. 2 3/4 × 8/9-இல் 3-ஐயும் 9-ஐயும் பார்த்துவிட்டு 2 1/4 × 8/3 ஆக்கினால் 6 வருகிறது. சரியான விடை 11/4 × 8/9 = 22/9 = 2 4/9. எட்டத்தில் நின்று பார்த்தாலே தெரியும்: 8/9 என்பது 1-க்குக் குறைவு, 2 3/4-ஐ அதனால் பெருக்கினால் 6-க்கு எப்படிப் போகும்? அந்த 3 தனியான தொகுதி இல்லை. 2-க்குள் ஒளிந்திருக்கும் எட்டு கால்களையும் சேர்த்தால்தான் உண்மையான தொகுதி 11.

மாற்றும்போது குறியில் ஒரு வழுக்கல்: −2 1/3 என்பது −7/3. −2 × 3 + 1 = −5 என்று போட்டு −5/3 எழுதக் கூடாது; கழித்தல் குறி முழுவதற்கும் சொந்தம்.

அறிகுறி: வகுத்தலில் விடை தலைகீழாக வருகிறது

உங்கள் விடையையும் சரியான விடையையும் பெருக்கிப் பாருங்கள். 1 வந்தால் தப்பான பின்னத்தைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். 4/9 ÷ 2/3-க்கு 9/4 × 2/3 = 3/2 என்று போட்டவர் முதலாவதைத் திருப்பினார். திருப்ப வேண்டியது இரண்டாவது: 4/9 × 3/2 = 2/3.

திருப்பவே மறந்திருந்தால் விகிதம் இரண்டாவது பின்னத்தின் வர்க்கம். 4/9 ÷ 3/8-இன் சரியான விடை 32/27. திருப்பாமல் பெருக்கினால் 1/6; விகிதம் 9/64, அதாவது 3/8-இன் வர்க்கம். இன்னொரு வகை, திருப்புவதற்கு முன்பே குறுக்கே அடிப்பது. அதே கணக்கில் 4-ஐயும் 8-ஐயும், 9-ஐயும் 3-ஐயும் அடித்துவிட்டு 1/3 ÷ 1/2 ஆக்கினால் 2/3 வரும்; விகிதம் 9/16. முதலில் திருப்புங்கள், பெருக்கல் குறியாக மாற்றுங்கள், அதுவரை பேனாவால் எதையும் அடிக்க வேண்டாம்.

அறிகுறி: கையால் போட்டது ஒன்று, கால்குலேட்டர் காட்டுவது வேறொன்று

இங்கே தப்பு உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. 3/4 ÷ 2/5-ஐ 3 ÷ 4 ÷ 2 ÷ 5 என்று வரிசையாகத் தட்டினால் 0.075 வரும். சரியான விடை 15/8 = 1.875. விகிதம் 1/25, வகுக்கும் பின்னத்தின் பகுதியான 5 தவறான பக்கம் போயிருக்கிறது. இரண்டாவது பின்னத்தை அடைப்புக்குறிக்குள் போட்டால் சரியாகிவிடும். கலப்பு பின்னத்தையும் (2 + 1 ÷ 2) என்று அடைப்புக்குறியோடு தட்டுங்கள். கணினி விரிதாளில் 3/4 என்று தட்டினால் பல நேரம் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். 0 3/4 என்று தட்டினால் பின்னமாக எடுத்துக்கொள்ளும்.

எந்த அறிகுறியும் பொருந்தவில்லை என்றால்

விகிதமும் வித்தியாசமும் எதையும் காட்டவில்லையென்றால் பெரும்பாலும் வாய்ப்பாட்டுப் பிழை. 7 × 8 எங்கோ 54 ஆகியிருக்கும். அப்போது பெருக்காமல் உடைத்துப் பாருங்கள், எல்லா எண்ணையும் பகா எண்களாக. 18/35 × 14/27 என்றால்:

மேலே: 2 × 3 × 3 × 2 × 7
கீழே: 5 × 7 × 3 × 3 × 3

மேலே ஒரு 7, கீழே ஒரு 7; மேலே இரண்டு 3, கீழே மூன்று. மிஞ்சுவது மேலே 2 × 2, கீழே 5 × 3. விடை 4/15. பெரிய எண்ணாகப் பெருக்கியிருந்தால் 252/945-ஐ வைத்துக்கொண்டு எதனால் வகுப்பது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.